என் மகள் யாருக்குப் போட்டாள்

சென்னையிலிருந்து புதுச்சேரி போகும் பேருந்தில், கோவளம் தாண்டியதும் ஒரு சின்னத் தேர்தல் நடந்தது. சினிமா போடலாமா வேண்டாமா என்று. முன் இருக்கையில் காய்ச்சல் குழந்தையை மடியில் கிடத்தியிருந்த ஒரு பெண், "அண்ணே, இப்பதான் கண்ணை மூடுச்சு. சத்தத்தைக் கொஞ்சம் குறைச்சு வைங்களேன்" என்று கேட்டாள். நடத்துநர் எழுந்து நின்று வண்டி முழுக்கக் கேட்கும்படி, "படம் வேணுமா, வேணாமா?" என்றார். பின்பக்கமிருந்து "வேணும், வேணும்" என்று குரல்கள் வந்தன.

"பாத்துக்கம்மா, எல்லாரும் கேக்கறாங்க. நான் இன்னா பண்றது?"

படம் ஓடியது. குழந்தை விழித்துக்கொண்டு மரக்காணம் வரை அழுதது. முந்தைய இரவு விமானத்தில் தூங்காமல் வந்த எனக்கும் அமைதிதான் தேவைப்பட்டது. ஆனாலும் நான் வாயைத் திறக்கவில்லை.

மரக்காணத்தில் டயர் பஞ்சர். உப்பளங்களின் ஓரமாக இறங்கி நின்றோம். வெள்ளை வெளேரென்ற வெயில். ஒரு தள்ளுவண்டியில் சுண்டல் வாங்கித் தின்றேன். மஸ்கட்டிலும் இதே மாதிரி வெயில்தான்; ஆனால் அங்கே சாலையோரம் இப்படி நின்றால் ஐந்து நிமிடத்தில் ஒரு கார் நின்று என்னவென்று கேட்கும். இங்கே எல்லாரும் எல்லாரோடும் பேசிக்கொண்டிருந்தார்கள், நடத்துநரைத் திட்டிக்கொண்டிருந்தார்கள், அரசாங்கத்தைத் திட்டிக்கொண்டிருந்தார்கள். கேட்கச் சந்தோஷமாக இருந்தது. அந்தச் சந்தோஷம் எனக்கு அதிக நேரம் நிலைக்கவில்லை, ஏனென்றால் நான் போய்க்கொண்டிருந்த காரியம் அப்படிப்பட்டது.

மஸ்கட்டில் இந்தியப் பிள்ளைகள் படிக்கும் ஒரு பள்ளியில் நான் சமூக அறிவியல் ஆசிரியர். சுல்தான் ஆளும் நாட்டில் உட்கார்ந்துகொண்டு இருபது வருடங்களுக்கு மேலாக மக்களாட்சி என்றால் என்ன, அது எங்கே தோன்றியது என்று பாடம் நடத்தி வருகிறேன். எனக்கு அங்கே ஓட்டு இல்லை. திண்டுக்கல் பக்கம் சொந்த ஊரில் ஓட்டு இருந்தது. போட ஒரு முறைகூட விடுமுறை ஒத்துவரவில்லை. பிறகு பட்டியலிலிருந்து பெயரையே எடுத்துவிட்டார்கள். அதற்காக நான் வருந்தியதாக நினைவில்லை.

என் ஒரே மகள் நிவேதா அந்தப் பாடத்தை என்னிடமே படித்தவள். கல்லூரிக்குப் புதுச்சேரி வந்தாள், கூடப் படித்த கலையரசனைக் கட்டிக்கொண்டாள். நகரத்தின் வடக்கே கடலோரக் குப்பம் ஒன்றில் மீன்பிடிக் குடும்பம். எந்தக் குப்பம் என்று எழுத மாட்டேன். அவள் இன்னும் அங்கேதான் இருக்கிறாள். ஏழு வருடம் ஒரு குறையும் இல்லை. இப்போது அந்த ஊர் கூடிப் பேசி அவள் வீட்டை விலக்கி வைத்துவிட்டது. யாரும் அவர்களோடு பேசக் கூடாது. கடையில் சாமான் தரக் கூடாது. படகைத் தள்ள வரக் கூடாது. மீறிப் பேசினால் பேசினவருக்கு அபராதம்.

"புள்ளையையும் பேத்தியையும் கையோட கூட்டிட்டு வந்துருங்க. மாப்பிள்ளை வந்தா வரட்டும்" என்று சொல்லி என் மனைவி விமான நிலையத்தில் இறக்கிவிட்டாள். அவள் செவிலி. அவளுக்கு விடுப்புக் கிடைக்கவில்லை.

ஊர் விலக்கிய வீட்டில் தங்கி அவர்களுக்கு இன்னும் வம்பு சேர்க்க வேண்டாம் என்று வெளியே இடம் தேடினேன்; முத்தியால்பேட்டையில் ஒரு சந்துக்குள் மாடி அறை கிடைத்தது. வீட்டுக்காரர் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். தெருவே அவரைச் சொல்தா என்றுதான் கூப்பிடுகிறது. இங்கே பட்டாளத்துக்காரருக்கு அந்தச் சொல்தான் இன்னும் வழங்குகிறது. காலையில் நீள ரொட்டியை இரண்டாகப் பிய்த்துக் காப்பியில் தோய்த்துச் சாப்பிட்டார். எனக்கும் ஒரு துண்டு நீட்டினார். இட்லியைக் காப்பியில் தோய்த்த மாதிரி இருந்தது. நன்றாகத்தான் இருந்தது என்று சொன்னேன்.

அவர் கைபேசியில் யாரிடமோ பிரெஞ்சில் கத்திக்கொண்டிருந்தார். முடித்ததும் தானாகவே மொழிபெயர்த்தார். "பாரீசுல எம் பையன். இந்தத் தடவை ஓட்டுப் போடவே போவலையாம். வேலையாம். நான் இங்க முட்டி வலியோட வரிசையில நின்னு பிரான்சுக்கு ஓட்டுப் போட்டுட்டு வரேன், அவன் அங்க இருந்துக்கிட்டுப் போடல."

"இங்க நடக்கற தேர்தலுக்கு?"

"இங்க எனக்கு ஏது மிசியே ஓட்டு? நான் பிரெஞ்சுக்காரன்." வேட்டியை உதறிக் கட்டிக்கொண்டு சிரித்தார். "எங்க தாத்தா காலத்துலயே இந்த ஊருல ஓட்டு இருந்துச்சு, தெரியுமா? வெள்ளைக்காரன் ஒரு பட்டியல், நம்மாளு வேற பட்டியல். தேர்தல் அன்னிக்கு மண்டை உடையாம பொழுது சாஞ்சதே இல்லைன்னு சொல்வாரு. அப்புறம் இந்தியாவோட சேரலாமான்னு கேட்டாங்க. யாரைக் கேட்டாங்க? ஜெயிச்ச மெம்பருங்களை மட்டும் கீழூர்னு ஒரு கிராமத்துக்கு அழைச்சிக்கினு போய்க் கேட்டாங்க. எங்க அப்பா வீட்டு வாசல்ல நின்னு, முடிவு இன்னாச்சுன்னு போறவன் வர்றவனை விசாரிச்சாரு."

வந்த காரியத்தைச் சொன்னேன். சிரிப்பு நின்றுவிட்டது. "குப்பத்து விவகாரமா?" என்றார். "அதுல போலீசு, வக்கீலு, ஒண்ணும் வேலைக்கு ஆவாது. உங்க பொண்ணு அப்படி இன்னாதான் பண்ணுச்சு?"

ஒன்றும் செய்யவில்லை என்பதுதான் குற்றம். அதை அன்று மதியம்தான் நான் முழுதாகத் தெரிந்துகொண்டேன்.

மாப்பிள்ளை கலை வண்டியில் வந்து அழைத்துப் போனான். குருசுக்குப்பம் தாண்டி, கடற்கரைச் சாலையின் சுற்றுலாக் கூட்டமெல்லாம் பின்னால் போய், வலைகளும் ஐஸ் பெட்டிகளும் வரத் தொடங்கியதும் அவன் பேச்சை நிறுத்திவிட்டான். கோயிலடியில் சீட்டு ஆடிக்கொண்டிருந்தவர்கள் எங்களைப் பார்த்ததும் சீட்டைப் பார்த்தார்கள். போன முறை நான் வந்தபோது "மஸ்கட் சார்" என்று கையைப் பிடித்துக்கொண்டு விடாதவர்கள் அவர்கள்.

வீட்டு வாசலில் பேத்தி மகி நின்றிருந்தாள். மூன்றரை வயது. எதிர் வீட்டில் அவள் வயதுப் பிள்ளைகள் இரண்டு விளையாடிக்கொண்டிருந்தன. அவள் அந்தப் பக்கம் பார்க்கவே இல்லை. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. அழுது கேட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. பழகிவிட்டாள்.

சாப்பாடு போட்டார்கள். கடலிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கும் வீட்டில் உருளைக்கிழங்குக் குழம்பும் முட்டையும். "இன்னா பண்றது சம்மந்தி, மீனு விக்க மாட்டேங்கறாங்க" என்றார் கலையின் அம்மா. "இவன் புடிச்சிட்டு வர்றதையும் இங்க ஏலத்துல யாரும் கேக்க மாட்டாங்க. துறைமுகத்துல போட்டுட்டு வெறுங்கையோட வரான். நம்ம மீனை நாமளே திங்கலாம்னா, அதையும் வித்தாத்தான் டீசலு."

நிவேதா தட்டில் சோறு வைக்கும்போது அவள் ஆள்காட்டி விரலைப் பார்த்தேன். நகத்தின் நுனியில் இன்னும் கொஞ்சம் கறுப்பு மை மிச்சமிருந்தது.

நடந்தது இது. சட்டசபைத் தேர்தலுக்கு முன் ஊர் கூடி, ஊர் ஓட்டு அத்தனையும் இன்னாருக்கு என்று முடிவெடுத்தது. வழக்கமாக எடுப்பதுதான். அந்தக் குப்பத்து ஆட்கள் மட்டுமே ஓட்டுப் போடும் வாக்குச்சாவடி ஒன்று அங்கே இருக்கிறது. எண்ணும்போது ஒவ்வொரு இயந்திரத்தையும் தனித்தனியாக எண்ணுகிறார்கள். எந்தச் சாவடியில் யாருக்கு எவ்வளவு என்பது அன்றே தெரிந்துவிடும். ஊர் சொன்னவர் ஜெயித்தார். ஆனால் இந்தச் சாவடியில் விரல்விட்டு எண்ணக்கூடிய சில ஓட்டுகள் எதிர்ப்பக்கம் விழுந்திருந்தன. யார் என்று தெரிய வேண்டும் என்றது ஊர். கோயில் முன்னால் கற்பூரம் ஏற்றி, ஊர் சொன்னபடிதான் போட்டேன் என்று சத்தியம் செய்து, கையால் அடித்து அணைக்க வேண்டும். ஓட்டு உள்ள எல்லாரும். ஆண்கள், பெண்கள் எல்லாரும்.

எல்லாரும் அடித்தார்கள். கலையும் அடித்தான். அவன் அம்மாவும் அடித்தார். நிவேதா மட்டும் கற்பூரத்தட்டின் முன்னால் நின்று, "யாருக்குப் போட்டேன்னு சொல்ல மாட்டேன். அது ரகசியம்" என்றாளாம்.

"கூட்டத்துல பேசறதுக்குப் பொம்பளைங்களைக் கூப்பிடலைப்பா" என்றாள் என்னிடம். "சத்தியம் பண்றதுக்கு மட்டும் கூப்பிட்டாங்க."

"அடிச்சிட்டு வந்திருக்கலாம்லமா" என்றார் மாமியார், மெதுவாக. அது முதல் முறை சொல்வதாகத் தெரியவில்லை.

"அத்தை, அடிக்கிறது பெருசு இல்ல. நாளைக்கு மறுபடியும் தட்டைக் கொண்டாருவாங்க."

எனக்கு ஒரு கணக்கு ஓடியது. எதிர்ப்பக்கம் விழுந்த ஓட்டுகள் சில. சத்தியம் செய்யாதவள் ஒருத்தி. அப்படியானால் பொய்ச் சத்தியம் செய்தவர்கள் இந்த ஊரில் சிலராவது இருக்கிறார்கள். அவர்கள் நிம்மதியாக மீன் குழம்பு சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார்கள். இதைச் சொன்னேன். கலை சிரித்தான். "இது ஊருக்கும் தெரியும் மாமா. ஆனா அவங்க ஊருக்குப் பயந்து பொய் சொன்னாங்க. இவ பயப்படல. அதான் கோவம்."

அவன் வெளியே போனதும் நான் அவளிடம் குரலைத் தாழ்த்தி, "யாருக்குமா போட்ட?" என்று கேட்டுவிட்டேன்.

நிவேதா என்னைப் பார்த்தாள். நான்காம் வகுப்பில் வகுப்புத் தலைவர் தேர்தல் நடந்த அன்று மாலை, இதே கேள்வியை வேண்டுமென்றே கேட்டேன். அவள் இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். அதற்காக அவளைக் கடைத்தெருவுக்கு அழைத்துப் போய்க் குல்ஃபி வாங்கிக் கொடுத்தேன்.

"நீங்களுமாப்பா?" என்றாள்.

மஸ்கட்டுக்கு வந்துவிடு என்றேன். "நான் போனா நான்தான் போட்டேன்னு ஆயிடும். இருந்தா யாருன்னு தெரியாமலே இருக்கும்" என்றாள்.

மறுநாள் முழுவதும் அலைந்தேன். ஆட்டோ ஓட்டியவர் காதர் பாய் என்று ஒருவர், என் வயதுதான். "முதல்ல அந்தக் குப்பத்து வார்டு கவுன்சிலரைப் பாக்கலாமா?" என்று கேட்டேன். வண்டியை ஓரங்கட்டிவிட்டுத் திரும்பிப் பார்த்தார். "எந்தக் கவுன்சிலரு சார்? இங்க நகராட்சிக்குத் தேர்தல் நடந்தே பல வருஷமாச்சு. எங்க தெரு சாக்கடைக்கே யாரைக் கேக்கறதுன்னு தெரியாம நாங்களே சுத்திக்கிட்டு இருக்கோம்."

காவல் நிலையத்தில் இருந்த அதிகாரி மரியாதையாகத்தான் பேசினார். நாற்காலி போட்டார், தேநீர் சொன்னார். "புகார் எழுதிக் குடுங்க சார், நாளைக்கே நாலு பேரைக் கூப்ட்டு விசாரிக்கிறேன். ஆனா நாங்க வந்துட்டுப் போனப்புறம் உங்க பொண்ணு அந்த ஊருலதானே இருக்கணும்? அதை மட்டும் யோசிச்சுக்கோங்க." யோசித்தேன். எழுதவில்லை.

ஜெயித்தவரின் அலுவலகத்தில் பெரிய வரிசை. கடைசியில் அவருடைய ஆள் ஒருவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "உங்க பொண்ணு ஒருத்தருக்காக அந்த ஊரை நாங்க பகைச்சுக்க முடியுமா, நீங்களே சொல்லுங்க. படிச்சவரு" என்றார். கூடவே ஒரு குளிர்பானம் கொடுத்தார். வேண்டாம் என்று சொல்லத் தோன்றாமல் குடித்தேன்.

சாயங்காலம் கடற்கரைச் சாலையில் உட்கார்ந்திருந்தேன். என் வகுப்பில் நான் சொல்லும் கதை நினைவுக்கு வந்தது. ஏதென்ஸ் நகரத்தில் ஒரு குன்றின்மேல் மக்கள் கூடுவார்கள், யார் வேண்டுமானாலும் எழுந்து பேசலாம், கைதூக்கி முடிவெடுப்பார்கள். பெண்களும் அடிமைகளும் வெளியூர்க்காரர்களும் அந்த மக்களில் சேர்த்தி இல்லை என்பதை ஒரே வரியில் சொல்லிக் கடந்துவிடுவேன். நம் குடவோலையைச் சொல்லும்போதும் அப்படித்தான். பானையைப் பற்றி விரிவாகச் சொல்லுவேன், யார் பெயரை ஓலையில் எழுதலாம் என்பதை வேகமாகத் தாண்டுவேன். அந்த ஏதென்ஸ்காரர்கள் இன்னொன்றும் செய்தார்கள். ஆண்டுக்கு ஒரு முறை, உடைந்த பானைச் சில்லில் பெயரைக் கீறிப் போட்டு, நகரத்துக்கு வேண்டாதவன் ஒருவனைப் பத்து வருடம் வெளியே அனுப்பலாம். குற்றம் எதுவும் நிரூபிக்க வேண்டியதில்லை. நிறையக் கேள்வி கேட்ட ஒரு கிழவருக்கு நஞ்சு கொடுக்கத் தீர்ப்புச் சொன்னதும் ஓட்டு எடுத்துத்தான். பிள்ளைகளுக்குப் பிடித்த கதைகள் இவை. வேற்று நாட்டில், வேறு காலத்தில் யாருக்கோ நடந்தவை என்ற தைரியத்தில் நானும் சுவையாகச் சொல்லி வந்திருக்கிறேன்.

ஓட்டு ரகசியமாக இருக்க வேண்டும் என்ற யோசனை எல்லாவற்றுக்கும் பிறகு, மிகத் தாமதமாக வந்தது. கூட்டத்தை நம்பினவர்கள் உண்டாக்கியது மக்களாட்சி. கூட்டத்துக்குப் பயந்தவர்கள் சேர்த்தது வாக்குச்சாவடியில் வைக்கும் அந்த மறைப்புத் தட்டி. என் மகள் அந்தத் தட்டிக்குப் பின்னால் நின்றுகொண்டு வெளியே வர மாட்டேன் என்கிறாள். தட்டியைத் தவிர அவள் பக்கம் யாரும் இல்லை.

அடுத்த நாள் விடியலில் கலை கடலுக்குப் புறப்பட்டான். ஃபைபர் படகைத் தண்ணீரில் இறக்க ஏழெட்டுப் பேர் வேண்டும். அவனும், அவன் அம்மாவும், நிவேதாவும் தள்ளினார்கள். பக்கத்துக் குப்பத்தில் படகை நிறுத்திக்கொள்ளலாம் என்றால், விலக்கப்பட்டவனுக்கு இடம் கொடுத்து ஊருக்கு ஊர் பகையாக அவர்கள் தயாரில்லை. நானும் கால்சட்டையை மடித்துவிட்டுக்கொண்டு ஒரு பக்கம் தோள் கொடுத்தேன். எனக்குத் தள்ளவும் தெரியவில்லை, எப்போது நிறுத்துவது என்றும் தெரியவில்லை. கரையில் கைகளைக் கட்டிக்கொண்டு ஆட்கள் நின்றிருந்தார்கள்.

படகின் முன்பக்கம் தண்ணீரைத் தொட்டதும் ஒரு பெரிய அலை வந்து அதைத் தூக்கிக் குறுக்கே திருப்பியது. நிவேதா அந்தப் பக்கம் நின்றிருந்தாள். படகின் விளிம்பு அவள் தோளில் இடித்தது, அவள் விழுந்தாள், அவள்மேல் படகு போனது. எனக்குத் தெரிந்தது வெள்ளை நுரையும் அவள் துப்பட்டாவின் ஒரு முனையும்தான். நான் கத்தினேனா என்று நினைவில்லை.

கரையிலிருந்து ஒரு குரல் "ஐயோ" என்றது. ஒரே ஒரு குரல். ஒரு கால் முன்னால் வந்த மணல் சத்தமும் கேட்டது. பிறகு அதுவும் இல்லை. கலை முழுகி அவளை இழுத்து வெளியே போட்டான். உப்புத் தண்ணீரைக் கக்கினாள், மூச்சு விட்டாள், எழுந்து உட்கார்ந்தாள். தோள் முழுவதும் கன்றிச் சிவந்திருந்தது. நான் திரும்பிக் கரையைப் பார்த்தேன். எல்லாருடைய கைகளும் கட்டினபடியே இருந்தன. அந்த "ஐயோ" யாருடையது என்று யாராலும் சொல்ல முடியாது. அதுவும் ஒரு ரகசிய ஓட்டுதான்.

அன்று மதியம் ஊர்க் கூட்டம் இருந்தது. நான் வந்திருப்பது தெரிந்து, என்னை மட்டும் வரச் சொன்னார்கள். நிவேதா படுத்திருந்தாள். "போய்க் கேளுங்கப்பா. என்னைப் பத்தி மட்டும் எதுவும் சொல்லிடாதீங்க" என்றாள். சரி என்றேன்.

வலை பின்னும் கூடத்தில், சிமென்ட் தரையில், வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். கலைக்கும் எனக்கும் ஓரத்தில் இடம். உண்மையைச் சொல்ல வேண்டும்: நான் இதுவரை பார்த்த எந்தக் கூட்டத்தையும்விட அது ஒழுங்காக நடந்தது. ஒருவர் பேசும்போது இன்னொருவர் குறுக்கிடவில்லை. திக்குவாய் உள்ள ஒருவர் ஒரு வாக்கியத்தை முடிக்க வெகுநேரம் எடுத்தார். அத்தனை பேரும் காத்திருந்தார்கள். ஓர் இளைஞன் எழுந்து, "அண்ணி சொல்றதுல இன்னா தப்பு? ஓட்டுன்னா ரகசியம்தானே?" என்று கேட்டான். அவனையும் முழுதாகப் பேச விட்டார்கள். பிறகு, "ஒக்காருப்பா, உன் கருத்து கேட்டாச்சு" என்றார்கள்.

தலைவருக்கு ஐம்பது வயதிருக்கும். கத்தவில்லை. "சார், வெளிய பாருங்க" என்றார். கூடத்துக்கு வெளியே, கடலுக்கும் வீடுகளுக்கும் நடுவே கருங்கற்கள் கொட்டப்பட்டிருந்தன. "அந்தக் கல்லு இல்லைன்னா உங்க பொண்ணு வீடு இன்னிக்கு இல்ல. அதுக்கு முன்னால நின்ன வீடுங்களைக் கடல் எடுத்துக்கிச்சு. எத்தனை ஆபீசு ஏறி இறங்கினோம் தெரியுமா? ஒருத்தன் மதிக்கல. இந்த ஊரு ஓட்டு சிந்தாம சிதறாம ஒரே பக்கம் விழும்னு தெரிஞ்ச வருஷம்தான் லாரியில கல்லு வந்துச்சு. எங்ககிட்ட காசு இல்ல, படிப்பு இல்ல. இந்த ஒத்துமை ஒண்ணுதான் இருக்குது. அதுல ஓட்டை வுழுந்தா, அடுத்த தடவை எவன் வருவான்?"

என்னிடம் மஸ்கட்டிலிருந்து யோசித்து வந்த வாதங்கள் எல்லாம் இருந்தன. எதுவும் அந்தக் கற்களுக்குப் பதிலாகவில்லை. "ஆனா அவ மேல படகு ஏறிச்சு. நீங்க எல்லாரும் பாத்துக்கிட்டு நின்னீங்க" என்றேன்.

கூட்டம் தலையைக் குனிந்துகொண்டது. யாரோ செருமினார்கள். தலைவர், "அதைப் பாத்துட்டு எங்க வீட்டுலயும் இன்னிக்கு யாரும் சாப்புடல சார்" என்றார். அது பொய் இல்லை என்று தோன்றியது. அதுதான் இன்னும் பயமாக இருந்தது. நல்லவர்கள்தான் எல்லாரும்.

"முடிச்சிக்கலாம்" என்றார் ஒரு பெரியவர். "அந்தப் பொண்ணு அடிக்காது. பெத்தவரு வந்திருக்காரு இல்ல? அவரு புள்ளைக்காக அவரு அடிச்சா ஆச்சு. எல்லாருக்கும் சம்மதமா?"

சம்மதம் என்றது கூடம். ஒருவர்கூட மறுக்கவில்லை. கலை என் கையைப் பிடித்தான். எதற்குப் பிடித்தான் என்று எனக்குத் தெரியவில்லை: போ என்றா, வேண்டாம் என்றா. அவன் கை ஈரமாக இருந்தது.

கோயில் வாசலில் தட்டில் கற்பூரம் ஏற்றினார்கள். "ஊரு சொன்னபடிதான் எம் பொண்ணு போட்டான்னு சொல்லிட்டு அடிங்க சார்." நான் காலையில் பார்த்த அந்தத் துப்பட்டா முனையை நினைத்துக்கொண்டேன். வாசலில் எதிர்வீட்டைப் பார்க்காமல் நிற்கும் மகியை நினைத்துக்கொண்டேன். "ஊர் சொன்னபடிதான் எம் பொண்ணு போட்டா" என்றேன். அடித்தேன். உள்ளங்கை சுட்டது. அவள் யாருக்குப் போட்டாள் என்று எனக்குத் தெரியாது. நான் சொன்னது மெய்யாகவும் இருக்கலாம்.

நான் வீடு போய்ச் சேருவதற்கு முன்பே சேதி போய்விட்டது. எதிர்வீட்டுப் பெண் வாசலில் நின்று, "நிவேதா, குழாயில தண்ணி வருது, குடத்தை எடுத்தாம்மா" என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். எதுவுமே நடக்காதது மாதிரி. நான் கற்பூரம் அடித்தது அந்தக் குரலைக் கேட்டுத்தான் நிவேதாவுக்குத் தெரிந்தது.

தோளைப் பிடித்தபடி எழுந்து உட்கார்ந்தாள். "என்னப்பா சொன்னீங்க?"

சொன்னேன்.

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"தெரியாதும்மா."

"தெரியாமதான் அடிச்சீங்களா?"

"உம்மேல படகு ஏறிச்சு, நிவேதா."

"ஏறிச்சு. எம்மேலதானே ஏறிச்சு?" என்றாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. "எங்கிட்ட இருந்தது அந்த ஒண்ணுதாம்ப்பா. அதை எடுத்து அவங்க கையில குடுத்துட்டீங்க."

பிறகு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அன்று இரண்டு வீடுகளிலிருந்து மீன் வந்தது. வஞ்சிரம் வறுவல், நெத்திலிக் குழம்பு. கலையின் அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டே எனக்குப் பரிமாறினார். மகி எதிர்வீட்டுப் பிள்ளைகளோடு தெருவில் கூச்சல் போட்டுக்கொண்டிருந்தாள். அந்தக் கூச்சலைக் கேட்டுக்கொண்டே சாப்பிட்டேன். குழம்பு மிக ருசியாக இருந்தது. அதை எழுதாமல் விட்டால் பொய்யாகும்.

புறப்பட்ட அன்று நிவேதா வாசல் வரை வந்தாள். மகியை என்னிடம் கொடுத்து வாங்கிக்கொண்டாள். என்னிடம் எதுவும் சொல்லவில்லை.

இப்போது ஆட்டோ குப்பத்துக்குள்ளேயே வந்தது. ஓட்டியவர் அந்த ஊர்க்காரர். முந்தின நாள் வட்டத்தில் என் எதிரே உட்கார்ந்திருந்தவர். பேருந்து நிலையம் வரை பேசிக்கொண்டே வந்தார். பாதி வழியில் கண்ணாடியில் என்னைப் பார்த்தார். "சார், நீங்க வெளியூரு. யார்கிட்டயும் சொல்ல மாட்டீங்க. நான் மாத்தித்தான் சார் போட்டேன். என் மச்சான் அந்தக் கட்சி."

"கற்பூரம் அடிச்சீங்களே?"

"அடிச்சேன். சாமி மன்னிச்சிக்கும் சார். ஊரு மன்னிக்காது." சிரித்தார். "உங்க பொண்ணும் பேசாம அடிச்சிட்டுப் போயிருக்கலாம்ல? எதுக்கு இவ்ளோ?"

"ஆமா" என்றேன்.

மஸ்கட் திரும்பிச் சில மாதங்கள் ஆகின்றன. என் மனைவி வெள்ளிக்கிழமைதோறும் நிவேதாவோடு பேசுகிறாள். தோள் சரியாகிவிட்டதாம், படகு தள்ள ஆட்கள் வருகிறார்களாம், கோயில் திருவிழாவில் ஊர்ப் பெண்களோடு சேர்ந்து பொங்கல் வைத்தாளாம். கைபேசி என் கைக்கு வரும்போது அந்தப் பக்கம் மகி இருக்கிறாள், அல்லது கலை இருக்கிறான். "வேலையா இருக்கா மாமா" என்கிறான். இந்த வாரம் வகுப்பில் ஏதென்ஸ் பாடம் வந்தது. பானைச் சில்லுக் கதையைச் சொன்னேன். ஒரு மாணவி, "பத்து வருஷம் முடிஞ்சா திரும்ப வந்துடலாமா சார்?" என்று கேட்டாள். வரலாம், வீடும் நிலமும் அப்படியே இருக்கும் என்றேன்.

எனக்கு எத்தனை வருடம் என்று நிவேதா சொல்லவில்லை.